ஏழாம் நம்பர் மலைக்கு நான் எழுதிக் கொடுத்த காகிதம்

தம்பி,

நீ எழுதியது நேற்றுப் பகல் வந்தது. சாப்பிட உட்கார்ந்த நேரம். உன் அம்மா வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன். கடைசிப் பக்கத்தை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். நாளைக் காலையில் காசிம் நானாவின் லொறி உங்கள் தோட்டத்துக் கடைக்கு அரிசி கொண்டு வருகிறது. பதுளை பஜாரில் அவரை நம்பிக் கொடுத்த எதுவும் இதுவரை தொலைந்ததில்லை. தபாலில் போட்டால் செவ்வாய்க்கிழமைதான் உன் கைக்கு வரும். நீ திங்கட்கிழமை கையெழுத்துப் போடப் போவதாக எழுதியிருக்கிறாய். ஆகவே சுகம் விசாரிக்கிற வரிகளெல்லாம் இதில் இல்லை. நாங்கள் சுகம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, அது பழையது. நேரில் வந்தே சொல்லியிருக்கலாம். நேரில் என்றால் நீ இடையில் கேள்வி கேட்பாய், நான் எரிந்து விழுவேன், சொல்ல வேண்டியது சொல்லாமலே போகும். என்னை உனக்குத் தெரியும்.

நீ அந்த வேலையில் சேர்ந்து ஆறு கிழமைதான், ஒன்றரை மாதம்தான் ஆகிறது. தோட்டம் தோட்டமாகப் போய், லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அவர்கள் மலையிலேயே இருக்கிற குருவியையும் பூச்சியையும் பாம்பையும் காட்டிச் சொல்லிக் கொடுக்கிறாய். நல்ல வேலை. அந்த மனிதர்களுக்கு யாரும் எதையும் காட்டிச் சொல்லிக் கொடுத்ததில்லை. வேலையை மட்டும்தான் காட்டினார்கள். தோட்டத்தை நடத்துகிற உங்கள் புதுத் துரை உன்னைக் கூப்பிட்டு, நமுனுகுல பக்கத்து ஏழாம் நம்பர் மலையில் பெண்கள் கொழுந்தெடுக்கப் போகாமல் முனிக்குப் பயந்து நிற்கிறார்கள், ரெண்டு கிழமைக் கொழுந்து முற்றிப் போகிறது, விஞ்ஞானம் படித்தவர் ஒரு ரிப்போட் எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பழைய பைலைத் தேடியபோது என் கையெழுத்தோடு ஒரு காகிதம் அகப்பட்டது என்கிறாய். கண் கலங்கிவிட்டதாம். இருபத்திரண்டு வருசத்துக்கு முன்பே அப்பா துணிந்து சொன்னதைத்தான் நானும் சொல்லப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தைத்தான் நான் உன் அம்மாவுக்கு வாசிக்கவில்லை.

அந்தக் காகிதம் பிழை, தம்பி. அதில் எழுதியிருக்கிற எதுவும் பொய்யில்லை. ஆனாலும் பிழை. நான் பூச்சிப் பகுதி வேலையை விட்டு மண் பரிசோதிக்கிற மேசைக்கு வந்ததற்கு இடமாற்றம் என்று உனக்குச் சொல்லி வளர்த்தேன். இடமாற்றம் இல்லை. நானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். ஏன் என்பதை இப்போது சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. நீ ஆறு மாதப் பிள்ளை. லயத்தில் பிறந்து, தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு தள்ளியவனின் மகனாக வளர்ந்து, டிப்ளோமா எடுத்துக்கொண்டு சப்பாத்துப் போட்டுத் தோட்டத்துக்குள் வந்தவன் அந்தப் பக்கத்திலேயே நான் ஒருவன்தான். தேயிலைக்கு வருகிற பூச்சிகளைக் கணக்கெடுக்கிறது என் வேலை. ஆட்கள் என்னைப் பூச்சி ஐயா என்று கூப்பிட்டார்கள். முகத்துக்கு முன்னால் ஐயாவைச் சேர்த்துச் சொன்னார்கள். பின்னால் வெறும் பூச்சிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில், தொட்டில்களை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, வகுப்பு நடத்தினேன். யாரும் கேட்காமல் நானாகவே தொடங்கியது. நுணுக்குக்காட்டி ஒன்று, பாம்பு போட்ட போத்தல் நாலு, சோக்குக்கட்டி. முதல் கிழமை ஒன்பது பேர். மூன்றாம் கிழமை வாசலில் நிற்க இடமில்லை.

காமாட்சி அந்த முதல் ஒன்பது பேரில் ஒருத்தி. முப்பது வயது இருக்கும். அவளுடைய கொழுந்துக் கும்பலில் பதினாலு பெண்கள். கங்காணி கறுப்பையா அதட்டுவார், ஆனால் யார் எந்தத் தேயிலை வரிசையில் நிரை பிடிப்பது என்பது அவள் சொல்லுக்குத்தான். நான் போத்தலைத் தூக்கி, இது விரியன், இதன் தலையைப் பாருங்கள் என்று தொடங்கினால், "ஐயா நல்லா ஊறுகா போட்டிருக்காரு, உப்புத்தான் கொஞ்சம் கொறைவு" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும். ஆனால் சிரிப்பு அடங்கினதும் அவள் கேட்கிற கேள்வி சரியான இடத்தில் குத்தும். அட்டை கடித்தால் ஏன் வலிக்கவில்லை, விலகின பிறகு ஏன் ரத்தம் நிற்கவில்லை என்று ஒரு நாள் கேட்டாள். என்னோடு டிப்ளோமா படித்தவர்களில் ஒருவனும் அதைக் கேட்டதில்லை. நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தால் எடுக்க மாட்டாள். பின்னால் நிற்கிறவர்கள் அவள் சடையைப் பிடித்து இழுப்பார்கள். ஒரு ஞாயிறு உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காமாட்சி உன்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "இந்தப் பூச்சிக்கு எத்தன காலுன்னு உங்கப்பாவக் கேளு" என்றாள். நான் சிரிக்கவில்லை. வகுப்பு நடக்கும்போது பிள்ளையைக் கொண்டுவராதே என்று வீட்டில் வந்து உன் அம்மாவை ஏசினேன்.

ஏழாம் நம்பர் மலையை நீ பார்த்திருப்பாய். மேலே பெரிய பாறை, நடுவே உள்வாங்கிய நெற்றி, அதற்குக் கீழே முனியாண்டியின் சூலம், அதற்கும் கீழே சரிவாகத் தேயிலை. வருசத்தில் சில கிழமைகள் அந்தச் சரிவில் யாரும் கூடை தூக்குவதில்லை. முனி ஊரில் இல்லை, வந்துகொண்டிருக்கிறார், வழியில் குறுக்கே போகக் கூடாது என்பார்கள். பிறகு ஒரு நாள் பூசாரி நாள் குறிப்பார். சேவல் அறுத்துப் பூசை போட்டு, பொலி பொலி என்று கூவிக்கொண்டு மலைக்குள் இறங்குவார்கள். நாள் நிலையானதில்லை. ஒரு வருசம் முந்தி வரும், ஒரு வருசம் பிந்தி வரும். எனக்கு அது பொறுக்கவில்லை. நாள்கூட ஒழுங்காகத் தெரியாத சாமிக்கு ஏன் இத்தனை மரியாதை என்று வகுப்பில் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். காமாட்சி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காத ஒரே நாள் அதுதான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

துரைக்கு இது எட்டியது. எப்படி எட்டியது என்று யோசிக்காதே, நான்தான் சொன்னேன். ஆபீஸில் தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்தார். என் அப்பா அந்த ஆபீஸ் படியில் ஏறியதே இல்லை. கீழே நின்று தொப்பியைக் கழற்றிப் பேசியவர். எனக்கு நாற்காலி. அந்தப் பாறையில் மலைத்தேனீ கட்டுவதாகச் சில பழைய ஆட்கள் சொல்கிறார்கள், நிசமா, நீங்கள் பார்த்து எழுதித் தர முடியுமா என்றார். எழுதித் தருகிறேன் என்றேன். நாற்காலியில் உட்கார வைத்தால் எவனும் எழுதித் தருவான், தம்பி. உன்னையும் உட்கார வைத்திருப்பார்கள்.

அந்த ஞாயிறு காமாட்சி இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கின் முனையில் நாலு தேயிலை இலையை முடிந்துகொண்டு வந்தாள். இலை மேல் மஞ்சள் புள்ளிகள், கடுகு அளவு, காய்ந்து ஒட்டியிருந்தன. "ஏழுல விழுந்திருக்கு. என்னான்னு பாத்துச் சொல்லுங்க ஐயா" என்றாள். ஒரு புள்ளியைச் சுரண்டி, நீர் விட்டு, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தேன். பார்த்த உடனே தெரிந்தது. மகரந்தம். சின்னச் சின்ன முக்கோணமாக, அழகாக இருந்தது. எல்லோரையும் வரிசையில் விட்டுப் பார்க்கச் சொன்னேன். பூத்தூள்தான், யூக்கலிப்டஸ் பூத்திருக்கிறது, காற்றில் வந்து விழுந்திருக்கிறது, இதற்கெல்லாம் பயப்படுகிறீர்களே என்றேன். காமாட்சி கடைசியாகக் கண்ணை வைத்துப் பார்த்தாள். "பூத்தூளுன்னா தூளாத்தானே விழனும், இது சொட்டுச் சொட்டாவில்ல விழுந்திருக்கு?" என்றாள். பனியில் நனைந்திருக்கும் என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

உனக்கு இதற்குள் விளங்கியிருக்கும், நீ பட்டம் படித்தவன். மகரந்தம் தின்ற மலைத்தேனீ கூட்டமாகப் பறந்துகொண்டே எச்சமிடும். அந்த எச்சம்தான் மஞ்சள் மழையாக இலையில் விழுகிறது. நுணுக்குக்காட்டியில் நான் பார்த்தது சரி. அது எப்படி அங்கே சொட்டாக வந்தது என்று மட்டும் நான் கேட்கவில்லை. கொழுந்தெடுக்கிறவள் கேட்டாள். எனக்கு மூன்று நிமிசம் பொறுமை இருந்திருந்தால் போதும்.

அடுத்த நாள் ஏணியும் கயிறும் எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனேன். நெற்றிக்குக் கீழே பழைய அடைகள் கறுத்துக் காய்ந்து கிடந்தன. ஒரு தேனீ இல்லை. ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, இறங்கி வந்து எழுதினேன். பாறையில் உயிருள்ள கூடு எதுவும் இல்லை, ஆட்களின் பயத்துக்கு மூடநம்பிக்கையே காரணம், வேலைக்குத் தடை ஏதும் தெரியவில்லை. மூன்று வசனம். கீழே கையெழுத்து, அதற்குக் கீழே டிப்ளோமா. தேனீக் கூட்டம் கீழ்நாட்டுக் காட்டிலிருந்து ஏறி வரும்போது நேரே பாறைக்குப் போவதில்லை. வழியில் ஏதாவது மரத்தில் அடை கட்டாமல் சும்மா தொங்கி இளைப்பாறும், சில நாள் பொறுத்துத்தான் பாறைக்கு ஏறும். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது நான் அண்ணாந்து பாறையைத்தான் பார்த்தேன். ஏறின வழியில் நின்ற நிழல் மரங்களைப் பார்க்கவில்லை.

காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டில் துரை என் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இனிச் சாட்டுச் சொல்ல முடியாது, பூச்சி ஐயாவே எழுதியிருக்கிறார், ஏழுக்குப் போகாதவர்களுக்கு அன்றைக்குப் பேர் இல்லை என்றார். பேர் இல்லை என்றால் அந்த நாள் வேலைக்கு வராத நாள். பதினாலு பேரும் போனார்கள். போகும்போது யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கறுப்பையா கங்காணி மட்டும் கொஞ்சம் நின்று, "ஐயா, நீங்களும் கூட வாறீங்களா?" என்றார். எனக்கு வேறு மலையில் வேலை இருந்தது. இருக்கிறது என்று சொன்னேன்.

பத்து மணி இருக்கும், சத்தம் கேட்டது. நான் ஓடிப் போனபோது பெண்கள் தண்ணீர் ஓடுகிற கான் வழியே உருண்டும் விழுந்தும் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு நிழல் மரத்துக் கிளையில் கறுப்புச் சாக்குப் போலத் தொங்கின கூட்டத்துக்குக் கீழே யாரோ நிரை மாறும்போது கூடை கிளையில் தட்டியிருக்கிறது. ஓடச் சொல்லிக் கத்தினவள் காமாட்சி. மற்றவர்களை முன்னால் விட்டு, பின்னால் வந்த ஒரு வயசாளியின் தலையில் தன் கம்பளியைப் போர்த்தி இழுத்துக்கொண்டு வந்தாள். அதனால் காமாட்சியின் தலையை மூட ஒன்றும் இருக்கவில்லை. நாலு பேரைச் சாக்கு விரித்த லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மூன்று பேர் ஒரு கிழமையில் வந்துவிட்டார்கள். காமாட்சிக்கு இடது கண்ணில் கொட்டியிருந்தது. அந்தக் கண் போய்விட்டது. நுணுக்குக்காட்டியில் அவள் எப்போதும் வைத்துப் பார்க்கிற கண் அது.

இனிச் சொல்லப் போவதுதான் மோசம். ஆபீஸில் விசாரணை வைத்தார்கள். நீங்கள் பார்த்தபோது கூடு இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அது உண்மை. அப்படியானால் பெண்கள் கவனமில்லாமல் கலைத்திருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. காமாட்சி ஞாயிற்றுக்கிழமை இலை கொண்டு வந்து காட்டினாள், நான் அதைத் தள்ளிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். நீ ஆறு மாதப் பிள்ளை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். உன் மேல் பழியைப் போட்டு நான் தப்பினேன், தம்பி. அந்தக் காகிதம் திரும்பப் பைலுக்குள் போனது. வகுப்பு நின்றது. யாரும் நிறுத்தவில்லை, அடுத்த ஞாயிறு நான் போனேன், தொட்டில்கள் அதே இடத்தில் இருந்தன, ஒருத்தரும் வரவில்லை. ரெண்டு மாதத்தில் மண் மேசைக்கு எழுதிப் போட்டேன். மண் யாரையும் கொட்டாது.

அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை, அது உன் பக்கம் திரும்பியது. நீ பத்து வயதில் குருவிப் பட்டியல் ஒன்று எழுதிக்கொண்டு வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? அப்புத்தளைக்குப் போய் வந்த நாள். முப்பத்தொரு பேர் எழுதியிருந்தாய், அதில் ரெண்டு பிழை. ரெண்டையும் பார்த்ததும் நான் தாளைக் கிழித்துவிட்டேன். நிச்சயமில்லாததை எழுதாதே என்று கத்தினேன். ரெண்டு வருசம் நீ எனக்கு ஒரு பட்டியலும் காட்டவில்லை. உன் அம்மா என்னிடம், "புள்ளைக்குக் கண்ணத் தொறந்து விட்டுட்டு வாய அடைச்சிட்டீங்க" என்றாள். நான் கிழித்தது உன் தாளை இல்லை. கிழிக்க வேண்டிய தாளைக் கிழிக்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை, அகப்பட்டதைக் கிழித்தேன். இதை உன்னிடம் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும்.

காமாட்சியை அதற்குப் பிறகு ஒரு தடவைதான் பார்த்தேன். ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்புகிற குடும்பங்களில் அவள் குடும்பத்துக்கும் கடிதம் வந்துவிட்டது, நாளைக் காலை ரயில் என்று காசிம் நானா சொன்னார். போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். பிறகு போனேன். பதுளை ஸ்டேசனில் கால் வைக்க இடமில்லை. டிரங்குப் பெட்டி, அம்மி, கூண்டில் கோழி, கட்டிப் பிடித்து அழுகிற ஆட்கள். காமாட்சி அழவில்லை. பெட்டி மேல் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். என்னை வலது கண்ணால் திரும்பிப் பார்த்தாள். "பூச்சி ஐயா. மெலிஞ்சு போயிட்டீங்களே" என்றாள். நான் மன்னிப்புக் கேட்கத் தயார்பண்ணிக்கொண்டு போன வசனங்கள் இருந்தன. பாதி சொன்னேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"அதெல்லாம் வேணாங்க. ஒன்னு மட்டும் கேக்குறேன். அன்னிக்கு எங்கள ஏன் சாமிய வச்சுச் சொல்லுறீங்கன்னு நக்கல் பண்ணுனீங்கல்ல? தேனின்னு சொன்னா தொரை பொகையப் போட்டுட்டுப் போங்கடீம்பாரு. போட்டும் இருக்காங்க, எங்க மாமியார் காலத்துல, கொட்டு வாங்குனது பொம்பளைங்கதான். முனின்னு சொன்னா ஒன்னும் பண்ண முடியாதுல்ல. சேவல அறுத்தாத்தான் வழி விடும்னா, அறுக்குற நாள நாங்கதானே பூசாரிக்குச் சொல்லுறோம். எலைல மஞ்ச விழுறது நின்ன பொறகுதான் சொல்லுவோம்."

என்னிடம் இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி, ஆனாலும் கேட்டேன். "எலையத்தான் கொண்டாந்து காட்டுனேனே" என்றாள். பிறகு பின்னலை முடித்து ரிப்பன் கட்டிவிட்டு, "அந்தக் கடுதாசி இன்னும் ஆபீஸ்லதான் இருக்கா? நாங்க போறோம், எங்களுக்கு ஒன்னுமில்ல. இருக்குறவளுகளுக்காகச் சொல்லுறேன். அத வாங்கிக் கிழிச்சுப் போட்டுருங்க ஐயா" என்றாள். சரி என்றேன். ரயில் போனது. நான் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு வேலைக்குப் போனேன். கிழிக்கவில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது, துரைமார் மாறினார்கள், விபத்தை நேரில் பார்த்தவர்கள் பாதிப்பேர் கடல் தாண்டிவிட்டார்கள், பெண்கள் பழையபடி முனியைச் சொல்லி மலையைக் காத்துக்கொண்டார்கள். இனி எவன் அந்தப் பைலைத் திறக்கப் போகிறான் என்று விட்டுவிட்டேன். திறந்தது நீ.

உன் வேலையில் எனக்கு உடன்பாடு இல்லை என்று நினைக்காதே. பாம்பைக் காட்டு, குருவியைக் காட்டு, கொட்டினால் நசுக்காமல் ஓடச் சொல், முகத்தைப் போர்த்தச் சொல். அதெல்லாம் உயிர் காக்கும். முனி நல்லவர், விஞ்ஞானம் கெட்டது என்று எழுதுகிற ஆள் நான் இல்லை. முனிக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தது பெண்களுக்கு. அவர்களிடம் வேறு ஆயுதம் இருக்கவில்லை, சாமியை எடுத்துப் பிடித்தார்கள். நான் போய் அதைப் பிடுங்கித் துரை கையில் கொடுத்தேன். நீ எதையாவது அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, அதே விசயத்தை ஆபீஸ் காதில் விழுந்தால் அவர்களுக்கு எதிராக எப்படித் திருப்புவார்கள் என்றும் யோசித்துக்கொள். எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். நீயாவது கேள். உன்னிடம் யாராவது இலை கொண்டு வந்தால், உனக்குத் தெரிந்த பேரைச் சொல்லி முடித்துவிடாதே. வந்தவளுக்கு அதைப் பற்றி என்ன தெரியும் என்று முதலில் கேள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா சட்டையைத் துவைக்க எடுத்தாள், பையிலிருந்த பக்கம் அகப்பட்டுவிட்டது. நின்றுகொண்டே முழுவதும் வாசித்தாள். என்னை ஏசுவாள் என்று பார்த்தேன். "போய்ச் சொல்லிட்டு வாங்க. பெத்த புள்ளைக்கு முன்னால தலை குனிஞ்சா ஒன்னும் செத்துப் போயிட மாட்டீங்க" என்றாள். எனக்கும் களைத்துவிட்டது, தம்பி. இருபத்திரண்டு வருசம் ஒரு காகிதத்தைச் சுமந்தவன் வேறு எதையும் பெரிதாகத் தூக்கவில்லை என்பதை இப்போது எண்ணிப் பார்த்தால் தெரிகிறது.

ஞாயிறு பின்னேர பஸ்ஸில் வருகிறேன். உன் காம்பராவில் ஒரு பாய் போதும். திங்கள் காலையில் ஆபீஸ் திறந்ததும் துரையிடம் ஒரு புதுக் காகிதம் கொடுக்கப் போகிறேன். எழுதி வைத்துவிட்டேன்: நான் பார்த்தது பாறையை, மலையை இல்லை; இலையில் அடையாளம் இருந்தது, எனக்குக் காட்டினார்கள், நான் ஏற்கவில்லை; அதனால் ஒருத்திக்குக் கண் போனது; என் பழைய ரிப்போட்டை வைத்து எவரையும் ஏழுக்கு அனுப்பக் கூடாது. நாலு வசனம், கீழே கையெழுத்து. டிப்ளோமா போடவில்லை. வாங்க மாட்டேன் என்றால் பெரட்டில் நின்று சத்தமாக வாசிப்பேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. உன்னையும் ஏதாவது செய்யலாம். உனக்கு அது ஆறு கிழமை வேலை, முதல் வேலை. என் பக்கத்தில் வந்து நில் என்று நான் கேட்கவில்லை, நிற்காவிட்டால் கோபிக்கவும் மாட்டேன். அதை நீ ஞாயிறு முழுதும் யோசித்துக்கொள். அதுவரை கையெழுத்தை மட்டும் போட்டுவிடாதே.

அப்பா